ஃப்ளீஸ் ஜாக்கெட்டும் மூன்றாம் ஓலையும்

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒருவனுக்குக் குளிர் எடுத்தால் அவனை டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். எங்களுக்குத் தெரிந்த குளிர் அது ஒன்றுதான். மார்கழியிலும் மின்விசிறியை ஓடவிட்டு, போர்வையைக் காலுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, 'இன்னா குளிரு, இன்னா குளிரு' என்று பெருமையடித்துக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். இப்படிப்பட்ட ஊரில், அதுவும் மே மாதத்தில், நான் ஒரு மலையேற்ற ஜாக்கெட் வாங்கினேன். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஜாக்கெட்டைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் என் வாயால் வந்தது.

எஸ்தரைப் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவள் போனில் பேசினாள். புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அப்பாவுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். எடுத்த எடுப்பில் அவள் கேட்ட கேள்வி இதுதான்:

"மலை ஏறுவீங்களா?"

"ம்... அதெல்லாம் நெறைய ஏறியிருக்கேன்." (அதுவரை நான் ஏறியிருந்த அதிகபட்ச உயரம், சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அதுவும் பந்து எடுக்க. இறங்குவதற்கு ஏணி கேட்டேன்.)

"அப்பாடா! எங்க வூட்ல எல்லாரும் ஊட்டி, ஊட்டின்னே சொல்லிக்கினு கீறாங்க. கல்யாணம் முடிஞ்சதும் இமயமலைல நாலு நாள் ட்ரெக் போலாங்க. ஒரு நாள் பாறை ஏர்றதும் கீது. உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, லைட் வெயிட்டா ஃப்ளீஸ் ஜாக்கெட் ரெண்டு பேருக்கும் நீங்களே பாத்து செலக்ட் பண்ணிடுங்க."

"அவ்ளோதானே" என்றேன். போனை வைத்துவிட்டு ஃப்ளீஸ் என்றால் என்ன என்று தேடிப் பார்த்தேன்.

பார்க்க ஆட்டு ரோமம் மாதிரி புசுபுசுவென்று இருக்கிறது. விசாரித்தால் பாலியஸ்டர். நூறு, இருநூறு, முந்நூறு என்று துணியின் கனத்துக்கு நம்பர் போடுகிறார்கள். நூறு என்றால் லேசு. ஏறும்போது உடம்புச் சூட்டை வெளியே விடும், நனைந்தால் சீக்கிரம் காயும், ஆனால் காற்று அடித்தால் உள்ளே புகுந்துவிடும். முந்நூறு என்றால் கதகதப்பு, ஆனால் பைக்குள் போட்டால் தலையணை சைஸ். ஜிப் பாதி வரையா, முழுசா? தலைக்குக் குல்லா வேண்டுமா, வேண்டாமா? நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் சாம்பாரைப் பார்க்காமல் விமர்சனங்களையே பிசைந்து தின்றேன். கடைசியில் மயில்கழுத்துக் கலரில், நூறு நம்பரில், முழு ஜிப் வைத்த ஒன்றை வரவழைத்தேன். இது தேறினால் அவளுக்கும் இதே மாதிரி.

தேறினால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு நட்டைக்கூட அளந்து பார்க்காமல் உள்ளே விடாதவன் நான். பாக்கெட் நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் கம்பெனி முறைப்படியே எழுதினேன்: 'நோக்கம்: ஜாக்கெட்டைச் சோதித்தல். உப நோக்கம்: எஸ்தருக்குத் தெரியாமல் மலையேறப் பழகுதல்.'

(உப நோக்கத்தை எவனாவது எழுதி வைப்பானா? நான் வைத்தேன்.)

இதற்கு நடுவில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், 'இன்னார் மகன் சேவியருக்கும் இன்னார் மகள் எஸ்தருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்' என்று அறிவிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் பந்தல்தான்.

முதல் சோதனை புதன்கிழமை. காலை ஷிப்டை முடித்துவிட்டு நேராகத் திருக்கழுக்குன்றம் மலைப்படிக்குப் போனேன். ஐந்நூற்றுச் சொச்சம் படி. முதுகில் பத்துக் கிலோ அரிசி, உடம்பில் ஃப்ளீஸ், கழுத்து வரை ஜிப். மணி மூன்று. சோதனை என்றால் கடுமையாக இருக்க வேண்டாமா?

நூறாவது படியில் நோட்டில் எழுதினேன்: 'வியர்வை வெளியேறுகிறது. பாஸ்.' நூற்றைம்பதாவது படியில்: 'எல்லாமே வெளியேறுகிறது.' இருநூற்றுப் பத்தாவது படியில் எழுதப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் இடுப்பில் பேரப்பிள்ளையோடு என்னைத் தாண்டிப் போனார். நான் உட்கார்ந்தே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

அடிவாரத்தில் மோர் வண்டி வைத்திருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாபா, இப்டி நடுங்கினு கீற? ஜுரமா?"

நடுங்கியது கால் மட்டும்தான். ஆனால் ஃப்ளீஸ், ட்ரெக், எஸ்தர் என்று ஆதியோடந்தமாகச் சொல்ல மூச்சு இல்லை. "ஆமாக்கா, ஜுரம்" என்றேன்.

"ஜுரத்தோட எதுக்குபா மலை ஏர்ற? வேண்டுதலா?"

"கல்யாணம்க்கா."

"ஐய! நல்லா நடக்கும், போ" என்று இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தார். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவர் எஸ்தரின் சித்தி என்பதும், என் போட்டோ அவர் போனில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

மலையில் ஜாக்கெட் பாஸ், ஆள் ரிஜெக்ட். இனி குளிர்ச் சோதனை. மே மாதத்தில் குளிருக்கு எங்கே போவது? என்னோடு படித்த அந்தோணி புதுப்பட்டினத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் இருந்தான். வெள்ளிக்கிழமை போய் நின்றேன்.

"மச்சான், ஒரு இருபது நிமிஷம் என்ன ஐஸ் ரூம்ல வுடு."

"இன்னாத்துக்கு? மீனே அதுக்குள்ள வெறச்சிப்பூடும்."

"சட்டைய டெஸ்ட் பண்ணணும்."

"கல்யாணம் ஆவசொல்லோ எல்லாருக்கும் கொஞ்சம் பேஜார் ஆவும். உனக்கு ஓவராக் கீது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். அப்போது பார்த்து லாரி வரவே, லோடு ஏற்றப் போய்விட்டான்.

உள்ளே ஐஸ் பார்களும் வஞ்சிரக் கூடைகளும் நானும். நோட்டில் உள்ள பதிவு இது: '3 நிமிடம்: நலம். 5 நிமிடம்: காது இருக்கிறதா எனத் தெரியவில்லை. 8 நிமிடம்: வஞ்சிரம் என்னைப் பார்க்கிறது. 12 நிமிடம்:' என்று தொடங்கி இன்னொரு வரி. அந்த வரியை அப்புறம் சொல்கிறேன்.

பதிமூன்றாம் நிமிடம் சோதனை போதும் என்று கதவை இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். 'அந்தோணீ' என்று கத்தினேன். பதுவா நகரத்துப் புனித அந்தோணியாரும் என் சிநேகிதனும் இரண்டு பேருமே கேட்கவில்லை. இவ்வளவு சின்ன வயதில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மீன் கூடைக்குப் பக்கத்தில் என்று நினைத்து, "மாதாவே" என்று கதவில் நெற்றியை முட்டினேன். திறந்துகொண்டது.

(அது தள்ளித் திறக்கிற கதவு. நான் ஏழு நிமிடம் இழுத்திருக்கிறேன்.)

முட்டிய வேகத்தில் வெளியே போய் ஒருவர் காலடியில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வருங்கால மாமனார். ரிசப்ஷனுக்கு ஐஸ் பார் சொல்ல வந்திருக்கிறார். பத்து நாள் கழித்து முறைப்படி விழ வேண்டிய காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டேன்.

"இன்னா மாப்ள இது! இன்னா ஆச்சி?"

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் எஸ்தருக்குப் போய்விடும். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "ஜு... ஜு... ஜுரம், மாமா."

"ஜுரத்தோட ஐஸ் ரூம்ல இன்னா பண்ற?"

"சூ... சூடு தணிக்க."

மாமனார் குனிந்து புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஜில்லுனு கீதே! இது உள்ஜுரம் மாப்ள. மோசமான கேசு."

அன்று சாயங்காலம் சித்தியும் மாமனாரும் போனில் கண்டுபிடித்ததைப் பிற்பாடு எஸ்தர் நடித்துக் காட்டினாள். சித்தி சொன்னாராம்: "மாமா, புதன்கெழம நடுங்கிச்சு. வெள்ளிக்கெழம நடுங்கிச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற ஜுரம் இன்னான்னு எனக்குத் தெரியாதா? மலேரியா! நாளைக்கு வராது. ஞாயித்துக்கெழம வரும் பாரு."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை.

மாமனார் என் அம்மாவுக்குப் போன் போட்டு நலம் விசாரிக்க, அம்மா தலையில் அடித்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்க எனக்கு ரசம் சாதமே போட்டாள். அன்று நான் நன்றாகத்தான் இருந்தேன். சித்தியின் கணக்கு மேலும் உறுதிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். "ஜுரம் வந்த ஒடம்பு, காத்து படக் கூடாது" என்று கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டாள். மூன்று தடவை துவைத்தும் அதில் வஞ்சிர வாசனை போகவில்லை. பொய் சொன்னவனுக்கு ஜிப்பைக் கழற்ற ஏது உரிமை?

அப்படியே போய் சர்ச்சில் உட்கார்ந்தேன். என் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த பெஞ்சுக்குக் குடிபோனார்கள். பின்வரிசையில் மாமனார், எஸ்தர், அந்த மோர்க்கார அக்கா. எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கி, குப்பென்று வியர்த்தது.

"பாத்தியா, வேர்க்குது. நடுக்கம் வந்து வுட்டுடுச்சு போல" என்று சித்தி கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

பூசைக்கு முன்னால் பங்குச் சாமியார் எங்கள் எல்லோரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் ஜன்னலைத் திறந்தார். "யாருப்பா மீன் வாங்கினு வந்தது?" நான் ஜன்னல் பக்கமாக நகர்ந்து நின்றேன். "சேவியர், பொண்ணு வீட்டுல ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ஓலை வாசிக்கலாம்னு சொல்றாங்க."

எஸ்தர் முன்னால் வந்தாள். "டெஸ்ட்டு அப்புறம் பண்ணலாம் சாமி. நான் ஒன்னு கேக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "சாமி ரூம்ல நின்னுகினு சொல்லுங்க. உங்களுக்கு ஜுரம் வந்துச்சா, வல்லியா?"

வந்தது என்று சொன்னால் ஓலை நிற்கும். வரவில்லை என்றால் எஸ்தரே போய்விடுவாள். மின்விசிறி என் வாசனையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது.

"வல்ல" என்றேன். "மலையும் ஏறுனதில்ல. தண்ணித் தொட்டி மட்டும்."

எஸ்தர் கைப்பையிலிருந்து என் பாக்கெட் நோட்டை எடுத்தாள். நான் விழுந்த இடத்தில் அதுவும் விழுந்திருக்கிறது. ஜுரம் குறித்து வைத்த நோட்டு என்று மாமனார் எடுத்துப்போய் மகளிடம் கொடுத்திருக்கிறார். 'உப நோக்க'த்தை அவள் சத்தமாகப் படித்தாள். 'வஞ்சிரம் என்னைப் பார்க்கிறது' வந்தபோது சாமியார் அங்கியால் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டாம் நிமிட வரியை மட்டும் அவள் சத்தமாகப் படிக்கவில்லை. அதில் நான் எழுதியிருந்தது: 'எஸ்தருக்கு இதைவிடக் கனமானது வாங்க வேண்டும். அவள் இப்படி நடுங்கக் கூடாது.'

மாமனார் சிரிக்கவில்லை. "ஜுரம்னா மாத்திர கீது சாமி. பொய்யிக்கு இன்னா மாத்திர கீது?"

சாமியார் எஸ்தரைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. ஆட்சேபணை இருக்கா?"

அவள் நோட்டை மூடினாள். "கையத் தூக்குங்க" என்றாள் என்னிடம்.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க. ரெண்டு கையும்."

தூக்கினேன். ஜாக்கெட்டோடு உள்ளே இருந்த சட்டையும் சேர்ந்து ஏறியது. என் தொப்பை பங்குச் சாமியாருக்கும், மாமனாருக்கும், சித்திக்கும் ஒரே நேரத்தில் தரிசனம் கொடுத்தது.

"இருக்கு சாமி" என்றாள் எஸ்தர். "ஜாக்கெட் ஒரு சைஸ் சின்னது. பாறை ஏர்றவங்க மொதல்ல பாக்கறதே இதத்தான். கையத் தூக்குனா வயிறு தெரியக் கூடாது. வேற ஆட்சேபணை இல்ல."

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போது சாமியாருக்கு இரண்டு இடத்தில் குரல் தடுமாறியது. ஊரே அதைப் பக்தி என்று நினைத்தது.

அப்புறம் எஸ்தரே ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். போட்டாள், கையைத் தூக்கினாள், ஜிப்பை ஏற்றித் தாடையில் உரசுகிறதா என்று பார்த்தாள், சுருட்டிப் பையில் திணித்துப் பார்த்தாள். ஐந்தே நிமிடம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இமயமலையில் அவள் முன்னால் போனாள். நானும் சுமை தூக்கும் ஒரு கோவேறு கழுதையும் பின்னால் போனோம். மயில்கழுத்து ஜாக்கெட்டையும் உபரியாக எடுத்துப்போயிருந்தேன். அந்த மலைநாய்கள் கடலையே பார்த்திருக்காது. ஆனாலும் வஞ்சிர வாசனைக்கு நான்கு நாளும் என் கூடாரத்தைவிட்டு அகலவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் வீட்டில் நான், "அதெல்லாம் நான் நெறைய பண்ணியிருக்கேன்" என்று வாயைத் திறந்தால் போதும். மாமனார் பேசாமல் எழுந்து வந்து, புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ஜுரம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவார். இப்போது என் ஐந்து வயது மகளும் கற்றுக்கொண்டாள். போன வாரம் மாமல்லபுரம் கடற்கரையில் அவளிடம், "அப்பாவுக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்றேன். என் கழுத்து எட்டவில்லை என்பதால், என்னைக் குனியச் சொன்னாள்.