கறுப்புத்திரை நானாவின் பெரட்டு

எதற்கும் உடனே 'ஆம்' சொல்லாத மனிதர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார். தன்னுடைய நிக்காஹ்வில் சம்மதம் கேட்டபோதும், "எழுதினத இன்னொருக்கா வாசிங்க" என்று சொல்லிப் பெண் வீட்டாரை வியர்க்க வைத்தவர் என்று ஊரில் பேச்சு. அவருடைய பெயரை ஏதோ ஒரு படிவத்தில் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அவர் கறுப்புத்திரை நானா.

அவருடைய கம்பியூட்டரில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஒரு வரி தட்டெழுதுவார். இயந்திரம் அதையும், அது இயங்கத் துணையாக வேண்டியவற்றையும் தேடி எடுத்து, 'இவை வரும், இவை போகும், சம்மதமா?' என்று கேட்கும். மற்றவர்கள் அந்த இடத்தில் ஆம் என்று தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நானா மூக்குக்கண்ணாடியை மாற்றுவார்.

பிறகு தொடங்கும் பெரட்டு. அவருடைய வாப்பா ஒரு தோட்டத்தில் பெரட்டுக்களத்தின் ஓரம் தேத்தண்ணிக்கடை நடத்தியவர். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் சத்தத்திலேயே வளர்ந்த நானா, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதே ராகத்தில் கூப்பிடுவார். இயந்திரத்தின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் 'வரட்டும்' அல்லது 'போகட்டும்' என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

சாப்பாட்டுக் கடையிலும் இதே நியாயம்தான். இடியப்பம் கேட்டவருக்குப் பருப்பும் சம்பலும் சேர்ந்து வந்தால், "இவங்க யாரு கூப்பிட்டு வந்தாங்க?" என்று விசாரிப்பார். ஒருநாள் இடியப்பம் ஆறிப்போனதென்று திருப்பி அனுப்பியவர், சம்பலையும் பின்னாலேயே அனுப்பினார். கூட்டிக்கொண்டு வந்தவனே போன பிறகு இவனுக்கு இங்கே என்ன வேலை என்பது அவர் கேள்வி. பரிமாறியவர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி.

நான் முப்பத்துநான்கு வருடம் தோட்டத்து ஆபீசில் இருந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன். எந்தப் படிவத்தில் எந்த மூலையில் கையெழுத்து என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். ஆகவே எங்கள் தோட்டத்து வாசிகசாலையின் ஒரே கம்பியூட்டருக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். அதில் லினக்ஸ் போட்டுத் தந்தவர் நானா. போட்டதும் தன் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்துகொண்டார். "உங்க பேருல நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் சேர். நாளைக்கு எது கெட்டாலும் யாரு கெடுத்ததுன்னு தெரியணும்" என்றார். அது என்னைச் சொன்னது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் என் பங்குக்குப் பதினெட்டு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயக்கொடி ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உதவி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம். அன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. இணையத்தில் மட்டும்தான் அனுப்பலாம். பள்ளிக்கூடம் தர வேண்டிய கடிதம் ஒன்று அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது.

"அடுத்த மாசம் எனக்கு வயசு எல்லை தாண்டிருது ஐயா. இதுக்கப்புறம் நான் ஃபோரமே போட முடியாது" என்றார்.

ஸ்கேனர் வேலை செய்யவில்லை. நான் கலங்கவில்லை. ஏதோ ஒரு தளத்தில் ஸ்கேனருக்கான மென்பொருளைப் பிடித்தேன். இயந்திரம் ஒரு நீளமான பட்டியலைக் காட்டியது. அதன் அடியில், தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்கிறபடி செய்!' என்ற வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தட்டெழுதச் சொன்னது. வாழ்நாள் முழுக்க உறுதிமொழிகளை எழுத்துப் பிசகாமல் எழுதியவன் நான். எழுதினேன். ஆச்சரியக்குறி உட்பட.

திரை இருண்டது. மீண்டும் போட்டால் கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். நேரம் பத்தரை.

நானாவுக்கு டெலிபோன் எடுத்தேன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் குடையோடு வந்து இறங்கினார். அவர் வந்த பாதையில் அரைமணி நேரத்துக்குள் மண் சரிந்தது. இனி டவுனுக்குப் போய் அனுப்பலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. மழையில் சிக்னலும் போய்விட்டது. வாசிகசாலைக்குக் கம்பி வழியாக வந்த இணைப்பு ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

நானா தன் கணக்கில் நுழைந்து ஒரு பதிவேட்டைத் திறந்து வரி வரியாக வாசித்தார். "நீங்க வெளியே அனுப்பினவங்க பேரெல்லாம் மணி நிமிஷத்தோட எழுதி வச்சிருக்கு சேர்" என்றார். முழுத் திரையையும் வரைகிற மென்பொருளை நானே என் கையால் அனுப்பியிருந்தேன். நல்லவேளை, முன்பே அதில் ஏற்றியிருந்த ஜெயக்கொடியின் மற்றப் பத்திரங்களுக்கும் நான் தட்டெழுதி வைத்திருந்த படிவத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனதைத் திரும்ப வரவழைக்க ஒரு வரி தட்டினார். முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் வந்து நின்றன. நேரம் இரண்டு. நானா கண்ணாடியை மாற்றினார்.

"நானா, இன்னைக்கு மட்டும் வேணாமே" என்று கெஞ்சினேன். கை தானாக விசைப்பலகைக்குப் போனது. அவர் குடையை அதன் குறுக்கே வைத்தார்.

"ஒருக்கா அவசரப்பட்டதுக்குத்தான் சேர் இங்க வந்திருக்கேன்."

பெரட்டு தொடங்கியது. நூறாவது பெயரில் என் தொண்டை காய்ந்தது. இருநூறாவது பெயரில் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. ஜெயக்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வருகிறவர்கள் முடிந்து, போகிறவர்கள் பட்டியல் வந்தது. ஒன்பதே பெயர். எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் முடிக்குமுன்பே 'போகட்டும்' என்றேன். ஏழாவது பெயர் நெட்வர்க் மனேஜர்.

"போகட்டும்" என்றேன்.

நானா அந்தப் பெயரை மறுபடியும், இன்னும் மெதுவாகக் கூப்பிட்டார்.

"அதான் போகட்டும்னேனே."

"சேர், வெளிய போற கம்பிய கையில பிடிச்சிருக்கிறதே இவர்தான். இவரு போனா படம் வரும். ஃபோரம் போகாது."

ஜெயக்கொடி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "எல்லாத்துக்கும் போகட்டும் போகட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே ஐயா. என் பேரு வந்தாலும் அதான் சொல்லுவீங்க போல."

முப்பத்துநான்கு வருட சேவையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

நான் கொண்டுவந்த ஸ்கேனர் மென்பொருள் இன்னும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களோடு மல்லுக்கட்டியதால் வந்த வினை அது. நானா 'இல்லை' என்று தட்டினார். முதலில் அதை வெளியே அனுப்பினார். முன்பு தட்டிய வரியை மறுபடி தட்டினார். இந்தமுறை போகிறவர்கள் என்று யாருமே இல்லை. வருகிறவர்களையாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பட்டியல் மாறியிருக்கிறது, எனவே மறுபடி வாசிக்க வேண்டும் என்றார். வாசித்தார். ஜெயக்கொடியும் என்னோடு சேர்ந்து 'வரட்டும்' சொன்னார். எனக்கு முன்பாகவே சொன்னார்.

மூன்று இருபதுக்கு நானா 'ஆம்' என்று தட்டினார். அவர் தட்டி நான் பார்த்த முதல் ஆம்.

மென்பொருள்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்று நாற்பதுக்குத் திரையில் படம் வந்தது. அப்போதுதான், அந்தக் கடிதத்தை இன்னும் ஸ்கேன் செய்யவே இல்லை என்பது என் நினைவுக்கு வந்தது. நானா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தன் போனால் படம் பிடித்து வயர் வழியாக ஏற்றினார். காலையிலேயே அப்படிச் செய்திருக்கலாம். என் ஒன்பதாவது விதி ஸ்கேன் என்று சொல்கிறது, படம் என்று சொல்லவில்லை.

மூன்று ஐம்பத்துநான்குக்கு 'அனுப்பவா?' என்று தளம் கேட்டது. ஜெயக்கொடி விரலை நீட்டிவிட்டு, நிறுத்தி, மேலே போய் முழுப் படிவத்தையும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். நானா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்த வருடத்தில் ஒரு இலக்கம் பிழை. என்னுடைய தட்டெழுத்து. ஜெயக்கொடி அதைத் திருத்தி அனுப்பியபோது நான்கு மணிக்கு ஒரு நிமிடம்.

பாதை திறக்கும்வரை இரண்டு நாள் நானா என் வீட்டில்தான் தங்கினார். என் மனைவி சோறு வைத்தபோது கூட வந்த கறிகளைப் பற்றி விசாரித்தார். அவளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஜெயக்கொடி இப்போது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நானா கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் புத்தளத்துக்குப் போய்விட்டார். அந்த வெயிலில் அவர் எதற்கு ஆம் சொல்கிறாரோ தெரியாது.

வருடக் கடைசியில், உள்ளே வராதவர்களின் கணக்குகளைக் கம்பியூட்டரிலிருந்து நீக்க வேண்டும். அது என் பதினாறாவது விதி. யாருமில்லாத வாசிகசாலையில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகக் கூப்பிடுகிறேன், நானே பதிலும் சொல்கிறேன். கடைசியாக நானாவின் பெயர் வரும். மூன்று வருடமாக உள்ளே வராத கணக்கு. விதிப்படி போக வேண்டியது.

கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இன்னொரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்கிறேன்.