வலைப்பக்கத்துக் காவல் தெய்வம்

தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் மூன்று மாதமாக ஒரே பேச்சு: ஆசான் வோரவித்! கைரேகை பார்ப்பவரல்ல, அதெல்லாம் பழைய காலம். இவர் வலைப்பக்கத்தைப் பார்த்துப் பலன் சொல்பவர். ஞாயிறுதோறும் வணிக வளாகத்து மண்டபத்தில் கூட்டம் நெரியும். பல் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காய்வாளர், எல்லாரும் படித்தவர்கள். புகைப்படக்காரனான நானும் வரிசையில் நின்றேன். சிரிப்பதென்றால் என்னையும் சேர்த்தே சிரியுங்கள்.

ஆசானின் கண்டுபிடிப்பு இதுதான். வீட்டு வாசலில் காவல் தெய்வத்துக்குக் குட்டி வீடு வைக்கிறோமே, வலைப்பக்கமும் ஒரு மனைதானே? அங்கே தெய்வம் வெயிலில் நிற்கலாமா? ஐயாயிரம் பாட் கொடுத்தால் பக்கத்தின் மூலையில் தங்கக் கூரையோடு ஒரு வீடு முளைக்கும். முன்னால் படையலாக, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா. தெய்வம் விருந்தாளிகளை அழைத்துவரும். எத்தனை பேர் என்று கூரைக்குக் கீழே எண் ஓடும். கணக்குப்பிள்ளை வேலையும் தெய்வத்துக்கே!

என் பக்கத்துக் கடை சுதாம், சக்கர நாற்காலி பழுது பார்ப்பவர். அவர் தங்கை கன்லயா அவருக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். வெள்ளைப் பின்னணி, பெரிய கறுப்பு எழுத்து, உச்சியில் தொலைபேசி எண். அவ்வளவுதான். ஆசான் அதைச் 'சாவு வீடு' என்றார். சனிக்கிழமை பிறந்தவருக்கு உகந்த ஊதாவைப் பூசினார். யானைகளை நடக்கவிட்டார். கூட்டுத்தொகை ஆகாது என்று தொலைபேசி எண்ணையே அழித்தார். இரண்டு மாதத்தில் நாற்பதாயிரம் விருந்தாளிகள், ஓர் அழைப்புகூட இல்லை. கடையை மூடிவிட்டு தொலைதூர ராயோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போக சுதாம் மூட்டை கட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு கன்லயா அண்ணனை இழுத்துக்கொண்டு மேடையேறினாள்.

"ஏன் ஆசானே, வயசானவங்க கண்ணுக்குத் தெரியணும்னு எழுத்தைப் பெருசா வச்சேன். பழைய போன்லயும் சட்டுனு திறக்கணும்னு படமே வைக்கல. சக்கரம் உடைஞ்சு நடுத்தெருவுல நிக்கிறவரு யானையையா வேடிக்கை பார்ப்பாரு?"

"நாக்கை அடக்கும்மா! எண்ணைப் பாரு, ஏறிக்கிட்டே இருக்கு!"

பெரிய திரையில் சுதாமின் பக்கம். எண் ஏறியது. கூட்டம் கைகூப்பியது, நானும்தான்.

"இவங்க எல்லாம் இணையம் வழியாத்தானே வர்றாங்க?" என்றாள் கன்லயா.

"பின்ன, பஸ் பிடிச்சா வருவாங்க?" என்றார் ஆசான். கூட்டம் சிரித்தது.

கன்லயா குனிந்து கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். இனி வெளியிலிருந்து ஓர் ஈகூட அதற்குள் நுழைய முடியாது. திரையில் எண்? 40,212. 40,213. 40,215.

"கதவைச் சாத்தியாச்சு. இப்ப யாரு வர்றா?"

ஆசானுக்கு வியர்த்தது. "அது... ஆவி ரூபத்துல வர்றவங்க."

சுதாம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆவிக்கு எதுக்குய்யா சக்கர நாற்காலி?"

மண்டபம் குலுங்கியது. ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைத் திறந்து, போனில் இணையத்தை அணைத்துப் பார்த்தார்கள்.

"யோவ், எனக்கும் ஏறுதுய்யா!" என்று அலறினார் பல் மருத்துவர். ஆசான் பின்வாசல் வழியாக ஆவி ரூபம் எடுத்தார்.

அன்றே பழைய பக்கம் திரும்பியது. செவ்வாயன்று முதல் அழைப்பு: மருத்துவமனை வாசலில் சக்கரம் கழன்று நின்ற ஒரு பெரியவர். சுதாம் மூட்டையைப் பிரித்துக் கருவிகளை எடுத்துக்கொண்டு ஓடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பல் மருத்துவர் கன்லயாவைத் தேடி வந்தார். "உன் அண்ணனுக்கு இருக்கிற மாதிரியே எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடும்மா. ஆனா ஒரு சந்தேகம். இந்த வெள்ளை எந்தக் கிழமை பிறந்தவங்களுக்கு ஆகும்?"

பக்கம் வெறுமையாக இருக்கலாம், மக்களே. மண்டை அப்படி இருக்கக் கூடாது.