படங்கு டைவரின் ஆறு ராத்தல்

பிள்ளைகளைக் கட்டிப்போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன ஒரே மனிதர், இலங்கை மலைநாடு முழுக்கத் தேடினாலும், எங்கள் தோட்டத்து வேன் ஓட்டிய படங்கு டைவர்தான். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

ஐம்பதுகளின் நடுவில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆறு பேர் எஸ்.எஸ்.சி. படிக்க அட்டனுக்குப் போனோம். மூன்று பையன்கள், மூன்று பெண்கள். தோட்டத்து வேனின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கம்பிதான் சுற்றியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் கதவு "போகட்டுமா, போகட்டுமா" என்று கேட்கும். டைவர் பயந்துபோய், சாக்கை நீளமாகக் கிழித்து, ஆளுக்கு ஒன்றாக உட்காரும் பலகையில் ஆணியடித்து, இடுப்பில் முடிச்சுப் போடச் சொன்னார்.

பெண்கள் பேசாமல் கட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு அது மானப் பிரச்சினை. கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாமார் இடுப்பில் சுற்றுகிற படங்கும் அதே சாக்குத்தான். வெள்ளைக் கால்சட்டையும் வழித்துச் சீவிய தலையுமாக இங்கிலீஷ் படிக்கப் போகிறவன் அதைக் கட்டுவானா?

"கட்டுங்கடா தம்பிகளா!"

"என்னாண்ணே, நாங்க கொழுந்தெடுக்கவா போறோம்?" என்றேன்.

வேனே சிரித்தது, பெண்கள் உட்பட. அந்தச் சிரிப்புக்காக உயிரையே கொடுக்கத் தயாராயிருந்தேன். அடுத்த வாரம் ஏறக்குறையக் கொடுத்தும்விட்டேன்.

சாக்கை மடியில் சும்மா போட்டுக்கொண்டு, கட்டியதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் பலகை இருந்த இடத்திலேயே இருந்தது, நான் இல்லை. உருண்டுபோய்க் கதவை முட்டினேன். கம்பியில் ஒரு சுற்று அவிழ்ந்தது, மறுசுற்று தாங்கியது. இடுக்கு வழியே பள்ளம் தெரிந்தது.

டைவர் வேனை ஓரங்கட்டிப் பீடி எடுத்தார். மூன்று குச்சி கிழித்தும் பற்றவில்லை.

"இப்பவாச்சும் கட்டுவியாடா?"

"வழுக்கிருச்சுண்ணே, அவ்வளவுதான்."

கட்டினால் பயந்துவிட்டேன் என்றாகிவிடாதா? நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. புத்தி மட்டும் வீங்கவில்லை.

மறுநாள் காலை டைவர் காக்கிக் கால்சட்டைக்கு மேலே முழுப் படங்கே சுற்றிக்கொண்டு வந்தார். அட்டனில் இறங்கி, அந்தக் கோலத்தோடு எங்களுக்கு முன்னால் கடைவீதியில் நடந்தார். ஜவுளிக்கடை முஸ்லிம் முதலாளி, எல்லாருக்கும் அவர் 'நானா', வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன டைவர், இன்னைக்கி கொழுந்து எத்தன ராத்தல்?"

டைவர் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆறு, நானா. எல்லாம் இளங்கொழுந்து. ஒண்ணும் சிந்தாம கொண்டாந்துட்டேன்."

கடைவீதியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வேனில் ஏறியதும் முதல் ஆளாக முடிச்சுப் போட்டேன். ஒன்று போதும், இரண்டு போட்டேன். மற்ற இரண்டு பையன்களும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சாக்கைத் தேடினார்கள்.

டைவர் கண்ணாடியில் பார்த்தார். பீடி எடுத்தார், ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.