ரவிச்சந்திரன் கைக்கென்றே செதுக்கியது

துப்பாக்கி அவர் வலது கையில் உட்காரவே மாட்டேன் என்றது.

ரவிச்சந்திரன் கட்டை விரலை மேலே ஏற்றிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். மணிக்கட்டை முறுக்கியும் பார்த்தார். ம்ஹூம். எதிரே மனைவி ராஜகுமாரி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடியோ காலில் காட்டுப்பாக்கம் ஏர் பிஸ்டல் கிளப் மொத்தமும் காத்திருந்தது.

காத்திருக்காதா பின்னே? மனிதர் மாதக்கணக்கில் அடித்த தம்பட்டம் அப்படி. "நீங்க வெச்சிருக்கிறதெல்லாம் அச்சுல ஊத்தின இட்லி. எனக்கு வரப்போறது கைவேலை! ஐரோப்பாவுல ஒரு மலைக்கிராமம். அங்க ஒரு பெரியவர், என் கையோட படத்தை வெச்சுக்கிட்டு, என் கைக்குன்னே மரத்துல கைப்பிடி செதுக்குறார். வேற எவன் கையிலயும் அது உட்காராது!"

இப்போது அவர் கையிலேயே உட்காரவில்லை.

சட்டென்று அவருக்கு உறைத்தது. பெரியவர் கேட்டபடி வெள்ளைத் தாளில் கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். தாளைக் கவரில் போட்டு, வேலைக்கு வரும் வேம்புலியம்மாளிடம் கொடுத்து, "கூரியர்காரன் வந்தா குடுத்துடு" என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். 'தாளில் இருக்கும் கைதான் நான் சுடும் கை' என்று மெயிலில் அழுத்தம் திருத்தமாக எழுதவும் செய்தார். எல்லாம் சரிதான். ஆனால் பென்சிலைப் பிடித்திருந்தது வலது கை. அப்படியானால் தாளில் வைத்தது?

அட கடவுளே, இடது கை!

"இன்னா அண்ணாத்தே, பிடிக்கவே இவ்ளோ நேரமா?" என்று போனுக்குள்ளிருந்து சிரித்தான் செல்வகுமார். வாடகை வேன் ஓட்டுகிறவன். தொழிற்சாலையில் ஆயிரத்தோடு ஆயிரமாக வந்து விழுந்த சாதா பிஸ்டல்தான் அவனிடம் இருப்பது. அதை வைத்தே ஞாயிறுதோறும் ரவிச்சந்திரனைத் தோற்கடிப்பவன்.

அவனிடமா ஒப்புக்கொள்வது? ரவிச்சந்திரன் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றினார். உட்கார்ந்தது. சுண்டு விரலுக்குக் கீழே மட்டும் கோணலாக ஒரு பள்ளம். அதில் அவர் விரல் படாமல் அந்தரத்தில் நின்றது. போகட்டும், ஏதோ வெளிநாட்டு நுணுக்கம்.

"நான் பிறவியிலேயே இடது கைக்காரன். அப்பா அடிச்சு மாத்திட்டார். இனிமே எனக்குச் சொந்தமான கையிலதான் சுடப்போறேன்" என்றார்.

ராஜகுமாரி போனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்கப்பா எறும்பைக்கூட..."

"கட் பண்ணு, கட் பண்ணு!"

அதற்குள் பயிற்சியாளர் வீராசாமியின் குரல் வந்துவிட்டது. "சொல்லவேயில்லையே சார்! மாவட்டப் போட்டிக்கு நம்ம டீம் கேப்டன் யாருன்னு அடுத்த மாசம் முடிவு பண்றோம். அந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை இறுதிச் சுற்று, ஜெயிக்கிறவர்தான் கேப்டன். நீங்க இடது கையிலயே சுடுங்க."

கேப்டன்! அந்த வார்த்தையை ரவிச்சந்திரன் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஆபீசில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவனெல்லாம் மேனேஜர் ஆகிவிட்டான். அபார்ட்மென்ட் சங்கத்தில் பொருளாளர் தேர்தலில்கூட அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. ராஜகுமாரி அன்றைக்கு ஊரில் இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று தலைமை தாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இடது கைக்காரன் என்று சொன்னால் போதாது, அப்படி வாழவும் வேண்டுமே! இடது கையில் பல் தேய்த்து ஈறில் ரத்தம் பார்த்தார். இடது கையில் சவரம் செய்ததில் மீசையில் பாதி போனது. மீதியையும் எடுக்கவேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில், வரிசையில் பின்னால் வீராசாமி நிற்பதைப் பார்த்துவிட்டு, குங்குமத்துக்கு இடது கையை நீட்டினார். குருக்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ராஜகுமாரி அவர் விலாவில் இடித்த இடி கோபுரம் வரை கேட்டிருக்கும்.

வீட்டில் துப்பாக்கிக்கு ராஜமரியாதை. கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணிமேல். தூசி தட்ட வந்த வேம்புலியம்மாளைப் பார்த்து அலறினார்.

"தொடாதே! இது என் கைக்குன்னே செதுக்கினது. வேற கை பட்டா அதோட சுபாவமே கெட்டுடும்."

"அது இல்ல சார், அந்தக் காயிதத்துல..."

"காயிதமாவது கத்தரிக்காயாவது! தள்ளி நில்லு."

"நமக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று அவள் துடைப்பத்தோடு போய்விட்டாள்.

வினை பூந்தமல்லியில் முற்றியது. ராஜகுமாரியின் தம்பி பிரசன்னாவுக்கு நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்களை ஏற்றி வந்த வேன் செல்வகுமாருடையது. மண்டப வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு அவன் நின்ற நேரம் பார்த்து, பெண்ணின் அப்பா பால்ராஜுக்குத் தாம்பூலப் பை கொடுக்கும் வேலை ரவிச்சந்திரன் தலையில் விழுந்தது. அவர் செல்வகுமாரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். இடது கையால் நீட்டினார்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார் பால்ராஜ். "இன்னா சார் இது? பொண்ணு குடுக்கிற ஊட்டுக்கு பீச்சாங்கையாலயா குடுப்பீங்க?"

"சம்பந்தி, அவரு வலது கையில சுளுக்கு!" என்று ராஜகுமாரி ஓடி வந்தாள்.

"அப்டியா? இப்பதான அந்தக் கையில மூணு ஜாங்கிரி எடுத்து துன்னாரு!"

மண்டபமே சிரித்தது, பெண் வீட்டாரைத் தவிர. பிரசன்னா காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ராஜகுமாரி புதிதாக ஒரு பை கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்த பிறகுதான் பால்ராஜ் முகம் கொஞ்சம் இளகியது.

வீடு திரும்பிக் கதவைச் சாத்தியதும் ராஜகுமாரி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நீங்க ஜெயிச்சு கேப்டனா வந்தா சரி. தோத்தீங்கன்னா, அந்த துப்பாக்கியை எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிடுவேன்."

ஞாயிறு வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் நின்றது இரண்டே பேர், ரவிச்சந்திரனும் செல்வகுமாரும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ரவிச்சந்திரனின் வலது கண் சோடாபுட்டிக் கண். இத்தனை வருஷமும் வலது கையில் பிடித்து, அந்தக் கண்ணால் குறிபார்த்துத்தான் சுவருக்கும் கூரைக்கும் சுட்டுக்கொண்டிருந்தார். கை மாறியதும் கண்ணும் மாறியது. நல்ல கண்ணான இடது கண் முதன்முறையாக வேலைக்கு வந்தது. மாதம் முழுக்க விடிகாலையில் எழுந்து பழகியதில் கை நடுக்கமும் நின்றிருந்தது. அது அவருக்கே தெரியாது. எல்லாம் கைப்பிடியின் மகிமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

செல்வகுமாரின் கடைசிக் குண்டு நடுவட்டத்தின் ஓரத்தைக் கடித்தது. ரவிச்சந்திரன் மூச்சை இழுத்துப் பிடித்தார். பேரீச்சம்பழம் ஞாபகம் வந்தது. விசையை அழுத்தினார். 'டப்'.

வீராசாமி அட்டையைக் கொண்டுவந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "நட்ட நடுவுல சார்! நீங்கதான் கேப்டன்!"

செல்வகுமார் ஓடிவந்து அவரை இடுப்போடு தூக்கிவிட்டான். "ஒத்துக்குறேன் மாமே! கைவேல கைவேலதான். என்னுது வெறும் டப்பா!"

சாயங்காலம் கிளப்பே நூம்பலில் இருக்கும் ரவிச்சந்திரன் வீட்டில் கூடியது. ராஜகுமாரி வாய்கொள்ளாச் சிரிப்போடு கேசரி கிளறினாள். பக்கத்து வீட்டு ரேகாவிடம், "எங்க வீட்டுக்காரர் கேப்டன்" என்று அவள் சொன்னது கூடம் வரை கேட்டது. ரவிச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமை உரைக்கு எழுந்தார்.

"ஃபாக்டரிக்கு ஆளைத் தெரியாது. லட்சம் பேருக்கு ஒரே அச்சு. ஆனா கைவேலைக்காரன் ஒரு மனுஷனைப் பார்த்து, அவனுக்குன்னு செய்றான். அந்தப் பெரியவர் என்னை நேர்ல பார்த்ததில்ல. ஆனா என் கையைப் படிச்சிட்டார்! காசு அதிகமான்னா கேக்குறீங்க? இதுக்கு விலையே கிடையாது!"

கைதட்டல் ஓய்ந்ததும் வீராசாமி துப்பாக்கியைப் பயபக்தியோடு வாங்கித் தடவிப் பார்த்தார். "எல்லாம் சரி சார், சுண்டு விரல்கிட்ட கோணலா ஒரு பள்ளம் கீதே, அது இன்னாத்துக்கு?"

"அங்கதான் இருக்கு ரகசியமே!" என்று ரவிச்சந்திரன் மார்பை நிமிர்த்தினார். "ஐரோப்பாவுல பரம்பரை பரம்பரையா வர்ற நுணுக்கம். அந்தப் பள்ளம் இல்லேன்னா குறி தப்பிடும்."

"எனக்கும் அதே மாரி பள்ளத்தோட ஒண்ணு சொல்லு மாமே" என்றான் செல்வகுமார்.

காபித் தட்டோடு வந்த வேம்புலியம்மாள் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள். முந்தானையில் இடது கையைத் துடைத்துக்கொண்டு, கோணிப்போயிருந்த சுண்டு விரலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த பெருமை, ரவிச்சந்திரன் முகத்தில் இருந்ததைவிட ஒரு படி கூடுதல்தான்.

"நீ வரைஞ்ச காயிதத்துல காபி கொட்டிட்சின்னு, நீ வெச்சா மாரியே என் கைய வெச்சி வேற காயிதத்துல வரைஞ்சி அனுப்சிட்டேன் சார், சின்ன வயசுல கதவு இடுக்குல மாட்டி கோணிக்கின இந்த விரல கூட உடாம செதுக்கிக்கீறாரு பாரு, அந்தப் பெரியவரு!"