மீசை வைத்த பொம்மை

‘டமார்!’

உள்ளே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டு, வராந்தா நாற்காலியில் இருந்த பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா மாப்புக் கம்பைக் குறுக்கே நீட்டினாள்.

“உள்ள போகக்கூடாதுங்க. பாப்பா விளையாடுது.”

“விளையாட்டா? செவுத்தை இடிக்கிற மாதிரில்ல கேக்குது!”

“இங்க இடிச்சாலும் அது விளையாட்டுதாங்க. தள்ளி நில்லுங்க, ஈரம் வழுக்கும்.”

பூட்டுக்காரர் தள்ளி நின்றார். ஏழு வயது மகள் மூன்று மாதமாக அவரிடம் பேசுவதில்லை. அம்மாவிடம் பேசுகிறாள். பள்ளியில் வாய் ஓயாமல் பேசுவதாக வகுப்பு ஆசிரியை புகார் சொல்கிறாள். அப்பா எதிரே வந்தால் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். கொஞ்சினார், கெஞ்சினார், ஐஸ்கிரீம் வாங்கினார். ஐஸ்கிரீமைத் தின்பதற்கு மட்டும் வாய் திறந்தது.

கடைசியில் யாரோ இந்த விளையாட்டு மருத்துவரைப் பற்றிச் சொன்னார்கள். மருந்து மாத்திரை கிடையாது. ஓர் அறை, அலமாரி நிறையப் பொம்மைகள், பெரிய மணல் தட்டு. “மனசுல இருக்கறதைக் குழந்தைங்களுக்கு வாயால சொல்ல வராது. கையால சொல்லுவாங்க” என்றார் டாக்டரம்மா. “ஒரே ஒரு விதி. மணல்ல அவ வைக்கிறதை அவளேதான் எடுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. அடுத்த வாரம் வரைக்கும் அறையைப் பூட்டிடுவேன்.”

எந்தப் பூட்டையும் ஐந்து நிமிடத்தில் திறக்கிற மனிதரிடம் இதைச் சொல்கிறோமே என்று டாக்டரம்மா யோசிக்கவில்லை.

துப்புரவு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். இருபது வருடத் தொழிலில் எந்த வீட்டுச் சாவித் துவாரத்திலும் எட்டிப் பார்க்காத பூட்டுக்காரர், அன்று முதல்முறையாக மண்டியிட்டு ஒற்றைக் கண்ணை வைத்தார்.

மகள் அலமாரியிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தொப்பி போட்ட ஆண் பொம்மை. மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட கறுப்பு மீசை.

பூட்டுக்காரரின் கை தன்னையறியாமல் தன் மீசையைத் தடவியது.

மகள் மணலில் குழி தோண்டினாள். மீசைப் பொம்மையை அதில் படுக்கவைத்தாள். மேலே மணலைத் தள்ளி, கரண்டியால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். “உன் பொண்ணு என்னைப் புதைச்சுட்டா.”

“எங்கே?”

“மணல்ல.”

“ஆழமாவா?”

“சிரிக்காதே. நான் அவளுக்கு என்னதான் பண்ணிட்டேன்?”

ராத்தூக்கம் இல்லாமல் குற்றப்பட்டியல் போட்டார். பள்ளி நாடகத்துக்குப் போகாதது ஒன்று. கணக்குப் பாடத்துக்குக் குட்டு வைத்தது இன்னொன்று. மூன்றாவதாக வீட்டு நாய் வந்தது. அதை உடனே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார், ஏனென்றால் அது செத்தது மகளுக்குத் தெரியாது.

நாய் செத்த அன்று காலை வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் வாசல் கேட்டின் கொக்கியை மாட்டாமல் போனவர் அவர்தான். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர், சொந்தக் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார். மாலையில் திரும்பும்போது நாய் சாலையோரம் கிடந்தது. பள்ளிப் பேருந்து வருவதற்குள் அள்ளிக்கொண்டுபோய் அடக்கம் செய்தார். மகள் வந்ததும், “ஊருக்கு வெளியே பெரிய தோட்டத்து வீட்டுல கேட்டாங்க. காலையில குடுத்துட்டேன். நல்லா ஓடி விளையாடும்” என்று சொன்னார். அவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அழக்கூட இல்லை. பொய் இவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானது அவருக்கே ஆச்சரியம்.

எனவே நாய் பட்டியலில் இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவே கேட்டார். “நீங்க பூட்டு வேலைதானே செய்யறீங்க? அந்த அறைக் கதவு கொஞ்சம் இறுகுது.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எண்ணெய் போடும் சாக்கில் உள்ளே போனார். மணலைக் கிளறித் தன்னைத் தானே தோண்டி எடுத்தார். தொப்பியை ஊதித் துடைத்து, பொம்மை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அம்மா பொம்மைக்கும் பெண் பொம்மைக்கும் நடுவில் உட்காரவைத்தார். குடும்பம் பார்க்க அழகாக இருந்தது. கிளம்பும்போது பூட்டில் ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினார். ஒரு வாரத்தில் கெட்டுப்போகிற மாதிரி அவர் செய்த முதல் வேலை அதுதான்.

அடுத்த வாரம் சாவித் துவாரத்தில் கண் வைத்தபோது, மகள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பிறகு பொம்மையை எடுத்து முன்பைவிட ஆழமாகப் புதைத்தாள். மேலே ஒரு விளையாட்டு லாரியைப் பாரமாக ஏற்றினாள்.

“லாரி ஏத்திட்டாடி!” என்று மனைவியிடம் அலறினார்.

பூட்டு சொன்ன நாளில் கெட்டது. மறுபடி போனார். லாரியை இறக்கி, பொம்மையைத் தோண்டி, இந்த முறை கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார். அப்பா தூங்குகிறார், யார் மேலும் கோபமில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வாரம் போர்வையை விலக்கிய மகள் வீறிட்டாள். அன்று வீடு திரும்பும்போது அவர் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மீசைதான் என்ற முடிவுக்கு வந்தார் பூட்டுக்காரர். பதினெட்டு வருட மீசையை மழித்தார். மீசையில்லாத புதுப் பொம்மை ஒன்று வாங்கி, மறுபடி பூட்டைப் பார்க்கும் சாக்கில் போய் அலமாரியில் வைத்துவிட்டு, பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

நான்காவது வாரம் மகள் மணல் பக்கமே போகவில்லை. முழங்காலிட்டு அலமாரி அலமாரியாக மீசைப் பொம்மையைத் தேடினாள். முழுசாக ஒரு மணி நேரம். கண்கள் வீங்கி வெளியே வந்தவள், வராந்தாவில் அப்பாவின் மழித்த முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியிருந்த அழுகையையும் அழுதாள்.

மறுநாள் மனைவி துணி ஊறவைத்தாள். “ஏங்க, உங்க பாக்கெட்ல இருக்கற இந்த ஆளு யாரு?”

“அது… நான்தான்.”

அவள் அவரையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவளைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா உங்களை உள்ள விட்டிருக்கலாம். போய் உண்மையைச் சொல்லி, பொம்மையைக் குடுத்துட்டு வாங்க.”

அவர் போனபோது துப்புரவு அக்கா பையும் கையுமாக வாசலில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

“சாவி என்கிட்டயும் டாக்டரம்மாகிட்டயும்தான் இருக்கு. பொம்மையை நகர்த்தினது நான்தானாம். நாளைலேருந்து வரவேணாம்னு சொல்லிட்டாங்க.”

பூட்டுக்காரர் அங்கே நிற்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பொம்மையை மேசைமேல் வைத்து, தளர்த்திய திருகு முதல் மழித்த மீசை வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

டாக்டரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவரோ குழந்தைகளின் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அவ ஒவ்வொரு வாரமும் கஷ்டப்பட்டு விடை குடுத்து அனுப்பறா சார். ஒவ்வொரு வாரமும் அது எழுந்து வந்துடுது. ஒரு குழந்தை எத்தனை தடவை விடை குடுக்கும்?”

“எனக்கு விடை குடுக்கற அளவுக்கு நான் என்னம்மா பண்ணிட்டேன்?”

“அதை அவதான் உங்ககிட்ட சொல்லணும். நான் சொல்லக்கூடாது. முதல்ல வாசல்ல நிக்கறவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. நானும் வந்து கேக்கறேன்.”

பூட்டுக்காரர் பொம்மையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“தப்பு என்னோடதும்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லிட்டேன். ஆனா பெத்த பொண்ணு தன்னைப் புதைக்கறதை எந்த அப்பன்தான் பாத்துக்கிட்டு சும்மா இருப்பான்?”

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களை யாரு புதைச்சாங்க? அது உங்க வீட்டு நாயிங்க. மூக்குக்குக் கீழ மீசை மாதிரி கறுப்புத் திட்டு இருக்குமாமே? இங்க நாய் பொம்மை இல்ல. அதான் பாப்பா மீசை வச்சதை எடுத்துக்கிச்சு. கைமணலைக் கழுவிவிடறப்ப எல்லாம் சொல்லும்.”

பூட்டுக்காரரின் கையில் பொம்மை கனத்தது. நான்கு மாதமாக நாக்கில் பழகிய பொய் தானாகவே வெளியே வந்தது.

“நாய்… நாய் தோட்டத்து வீட்டுலல்ல இருக்கு?”

“நீங்க அப்படித்தான் நம்பிட்டு இருக்கீங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்க. அந்த வீட்டுலேருந்து தப்பிச்சு நம்ம வீட்டுக்கு ஓடி வர்றப்ப அடிபட்டுடுச்சாம், அன்னிக்கு மத்தியானம் ஸ்கூல் பஸ்ல விளையாட்டு மைதானத்துக்குப் போறப்ப ஜன்னல்லேருந்து பாத்துச்சாம்; ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருக்கா, வாய் தவறி நான் சொல்லிடுவேன்னுதான் அவர்கிட்ட பேசறதே இல்ல’ன்னுச்சு.”