பி குரூப் பட்டாபி

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி செய்தித்தாளைவிடக் கனமான எதையும் இந்தக் கையால் தூக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இணைப்புகள் அதிகம். அதனால் இரண்டு தடவையாகத் தூக்குவேன்.

முப்பத்துநான்கு வருஷம் செங்கல்பட்டில் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவன் நான். அங்கே தூக்கியது பேனா மட்டும்தான். கிளார்க் எங்கே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறானோ, அங்கே கையெழுத்து. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஃபைல் நகருமா?

ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு மூன்றாம் மாடி ஃபிளாட். சபதத்தைக் கேட்ட என் மனைவி காமு கோபப்படவே இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மாமல்லபுரத்துல வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கே, அதுவும் நீங்களும் ஒண்ணுதான்னா. யார் தள்ளினாலும் நகர மாட்டேள். ஆனா அதைப் பார்க்கவாவது நாலு பேர் வரா."

அந்த வாரமே கீழே அசோசியேஷன் ஹாலுக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். உடற்கல்விக் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர். பெயர் கிரிதர். தோள் இரண்டும் பீரோ அகலம். ஐம்பது தாண்டினால் தசை வருஷா வருஷம் கரைகிறதாம். விளையாட்டு வீரர்கள் மாதிரி கிழவர்களும் எடை தூக்கினால் கரைந்தது திரும்பி வருமாம். அதைப் பன்னிரண்டு வாரத்தில் அளந்து பார்க்கப் போகிறாராம். காமு என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

முதலில் ஒரு பரீட்சை. கையை ஊன்றாமல் முப்பது விநாடியில் எத்தனை தரம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடியும்? எதிர் வீட்டு சந்திரம்மா பதினான்கு. நான் ஏழு. ஏழாவது தரம் நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள்.

அப்புறம் சீட்டுக் குலுக்கல். ஏ குரூப் வாரம் மூன்று நாள் எடை தூக்க வேண்டும். பி குரூப் புதிதாக ஒன்றும் செய்யக்கூடாது. எப்போதும்போல இருந்தால் போதும்.

"சும்மா இருக்கறதுக்குமா ஆள் எடுக்கறேள்?" என்று கேட்டேன்.

"ஒப்பிட்டுப் பார்க்கணுமே சார். ஏ குரூப்புக்குப் பலம் வந்தா அது பயிற்சியாலதான்னு எப்படித் தெரியும்?"

ஆகா, இதுவல்லவோ விஞ்ஞானம்! சிங்கப்பெருமாள் கோயில் முதல் திருக்கழுக்குன்றம் வரை உள்ள சகல தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தேன். பி.

மாடி ஏறி வருவதற்குள் விதியைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

"காமு, நான் இனிமே எதையும் தூக்கப்படாது. தூக்கினா ஆராய்ச்சி பாழ். அந்தப் பிள்ளைக்கு டாக்டர் பட்டம் போயிடும்."

"காய்கறிப் பைகூடவா?"

"கறிவேப்பிலைகூட."

"டம்ளர்?"

"காபியோட இருந்தா தூக்கலாம். காலி டம்ளரை நீதான் எடுக்கணும்."

ஐந்து நாள் சொர்க்கம். தண்ணீர் கேன் போடுகிற ஸ்டான்லி, கேனை வாசல்வரை கொண்டுவந்து வைப்பான். அதை உள்ளே உருட்டுவது ஒன்றுதான் இந்த வீட்டில் நான் செய்த வேலை. அதுவும் காமு தலையில் விழுந்தது. "ரிமோட்டை எடுத்துக் கொடுடி, இருநூறு கிராம் இருக்கும்" என்றுகூடச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தாள்.

ஆறாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "கிரிதர் கேட்டாராம். வழக்கமா ஆத்துல நீங்க என்னென்ன பண்றேள்னு எழுதணுமாம். நானே எழுதிட்டேன்." கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. முப்பத்துநான்கு வருஷப் பழக்கம். கண் அங்கே போவதற்குள் கை போய்விட்டது.

மறுநாள் அசோசியேஷன் கூட்டத்தில் கிரிதர் அந்தத் தாளைப் படித்தார்.

"பட்டாபி சார் வழக்கமா செய்யற வேலைகள். தண்ணி கேனைக் கீழேருந்து மூணாவது மாடிக்குத் தூக்கறது. கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவறது. குனிஞ்சு தரை துடைக்கறது. மெத்தையை மொட்டை மாடியில வெயிலுக்குப் போடறது..."

எழுந்து நின்று 'அத்தனையும் பொய்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சந்திரம்மா தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார்.

"கேட்டுக்க! அதான் ஆம்பள. எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, இன்னா புண்ணியம்?"

ஹால் முழுக்கக் கைதட்டல். அதற்குமுன் எனக்கு ஒரே ஒரு தடவைதான் கைதட்டியிருக்கிறார்கள். அது நான் ஆபீஸை விட்டுப் போகிற அன்றைக்கு. திறந்த வாயால் புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்தேன்.

"லிஸ்ட்ல உள்ள எதையும் விட்டுடாதீங்க சார்," என்றார் கிரிதர். "விட்டா டேட்டா போச்சு."

மறுநாள் காலை ஸ்டான்லி கீழேயிருந்து போன் செய்தான்.

"சார், கேன் கீய கீது. வந்து தூக்கினு போங்க."

"எப்பவும் மேலேதானே கொண்டு வருவே?"

"அம்மா வோணாம்னுச்சு சார். நீ தூக்கறத நான் தூக்கினா ஆராய்ச்சி பேஜாரா பூடுமாம். இன்னாத்துக்கு சார் அந்தப் பாவம் எனக்கு?"

இருபது லிட்டர். முதல் மாடியில் முன்னோர்களை நினைத்தேன். இரண்டாம் மாடியில் அவர்களைப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் காமு கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, காலண்டரில் ஏதோ குறித்தாள். ஏகாதசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. அவளுக்கும் ஈவு இரக்கம் உண்டு. திங்கள், புதன், வெள்ளிதான் இந்த வதை. "இன்னிக்கு ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று நடுவில் ஒரு நாள் விட்டுவிடுவாள். சாயங்காலம் ஆனால் கொண்டைக்கடலைச் சுண்டல், கிண்ணம் நிறைய. கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கவனித்ததில்லை. என் கண்ணே கலங்கியது.

இரண்டாம் வாரம் கேன் இரண்டானது. நாலாம் வாரம் மாவு அரைக்கிற அளவும் ஏறியது, கல்லோடு பாத்திரமும் என் கைக்கு வந்தது. ஏழாம் வாரம் மெத்தையோடு தலையணைகளும் மொட்டை மாடி ஏறின. அலமாரியின் கீழ்த்தட்டை ஒரே நாளில் பதினைந்து தடவை உட்கார்ந்து எழுந்து துடைத்தேன். அவ்வளவு தூசி எங்கிருந்துதான் வருகிறதோ!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்தாம் வாரம் மூச்சு வாங்காமல் மாடி ஏறினேன். சந்தோஷமாக இருந்தது. காமுவுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று வாசலில் நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனேன்.

பன்னிரண்டாம் வாரம் முடிந்தது. மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் நிறைவு விழா. எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். மறுபடியும் நாற்காலிப் பரீட்சை. நான் பத்தொன்பது! கைதட்டல் அலையோசையைத் தாண்டியது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் பி குரூப். பி குரூப்புக்குப் பலம் வரக்கூடாது. வந்தால் அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சி கந்தலாகிவிடும். உண்மையைச் சொன்னால் அவருக்கும் நல்லது. தண்ணீர் கேனும் அன்றோடு ஒழியும். என் மனசாட்சியும் சோம்பலும் ஒரே கட்சியில் சேர்ந்தது அன்றைக்குத்தான். மைக்கைப் பிடுங்கினேன்.

"மன்னிக்கணும். அந்த லிஸ்ட் சுத்தப் பொய். நான் ஆத்துல ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டவன் இல்லை. எல்லாம் என் ஆத்துக்காரி எழுதினது. இனிமே எதையும் தூக்கவும் மாட்டேன்!"

மானம் போனது. போகட்டும், முதுகு மிஞ்சியது என்று நிமிர்ந்து நின்றேன். கிரிதர் சிரித்தார்.

"தெரியும் சார். மேடம் ஆறாம் நாளே சொல்லிட்டாங்க. சும்மா இருக்கறதுக்கு எங்களுக்கு ஆள் நிறைய இருக்கு. சி குரூப்புக்குத்தான் ஒருத்தரும் சிக்கல."

"சி குரூப்பா?"

"வீட்டு வேலையையே பயிற்சியா செய்யறவங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்தணும், புரதம் நிறைய சாப்பிடணும். இதோ உங்க சம்மதம்." நான் கையெழுத்துப் போட்ட அதே தாளை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை மேலிருந்து படித்தேன். 'வீட்டுப் பயிற்சியாளர்: திருமதி காமு.'

"அப்போ அந்தச் சுண்டல்?" என்றேன் பரிதாபமாக.

"புரதம்னா," என்றாள் காமு.

சிறந்த பயிற்சியாளர் பரிசும் அவளுக்கே. அதே ஹோட்டலில் இரண்டு நாள், இருவருக்கு, கடலைப் பார்த்த அறை. எனக்கு எல்லாக் கோபமும் பறந்துவிட்டது. இரண்டு நாள் கடல் காற்று, கட்டில், பேப்பர்.

"காமு, ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கறேன்."

"நீங்க எங்கே படுக்கறது? நானும் சந்திரம்மாவும்னா தங்கப் போறோம். பஸ்ல எங்க பெட்டி ரெண்டும் இருக்கு. நாலாவது மாடியில வெச்சுட்டு நீங்க ஊரப்பாக்கம் கிளம்புங்கோ."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து காமுவின் குரல் வந்தது.

"படி அந்தப் பக்கம்னா. பதின்மூணாம் வாரம் ஆரம்பிச்சாச்சு."