பெரட்டு அண்ணனும் ஒன்பது மழை டப்பாக்களும்

ஊவா மாகாணத்தில் கம்ப்யூட்டரிடம் மரியாதை எதிர்பார்த்த ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். கிடைத்ததா என்று கேட்காதீர்கள். மனிதர்களிடமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிற காலம் இது.

பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வேலை ரொம்ப லேசு என்பார் எங்கள் மெனேஜர். அவர் செய்வதில்லை என்பதால் அவருக்கு லேசுதான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்பது இடத்தில் மழை அளக்கும் கருவி வைத்திருந்தோம். சனங்கள் அதை மழை டப்பா என்பார்கள். டப்பா தரும் கணக்கு எங்கள் சேர்வருக்கு வரும். மழை குறித்த அளவைத் தாண்டினால், சேர்வர் அந்த லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், ஆட்களுக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் மெசேஜ் அனுப்பும். மெசேஜைக் கண்டால் ஆபீசில் ஸ்கூல் சாவியைக் கொடுப்பார்கள், சனம் லயத்தை விட்டு ஸ்கூலுக்கு இறங்கும். மெசேஜ் வராவிட்டால் சாவி கிடையாது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் கிடையாது, அதற்கென்று ஒரு சுற்றறிக்கையே இருக்கிறது. மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் மலைகளில் மழையை விளையாட்டாக எடுப்பவர்கள் யாருமில்லை, சுற்றறிக்கை எழுதுகிறவர்களைத் தவிர.

அந்த லினக்ஸ் சேர்வரைப் பார்த்துக்கொண்டவர்தான் அண்ணன். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்து அனுப்புவார்களே, அந்தப் பெரட்டை அவர் ஆபீசில் நடத்தினார். ஏழரைக்கு வருவார். செருப்பைக் கழற்றுவார். சேர்வருக்கு முன்னால் உட்காராமல் நின்றபடியே அதற்குள் ஓடும் ஒவ்வொரு சேர்விஸையும் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவார். அது ஓடுகிறது என்று திரையில் பச்சை எழுத்து வந்தால் "இருக்கேன்" என்று அதன் சார்பில் அவரே பதிலும் சொல்வார். கீழே ஆணி வாங்க வந்த ஒருவர், மேலே யாரோ ஆள் எடுக்கிறார்கள் என்று நம்பி, வேலை கேட்டுப் படியேறியே வந்துவிட்டார். மெனேஜர் அவருக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்து அனுப்பினார்.

சேர்வர் செத்துப்போச்சு என்று யாரும் அண்ணன் முன்னால் சொல்லக் கூடாது. சுகமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதை ரீஸ்டார்ட் பண்ணுவதென்றால் சேர்வர் பெயரில் அரை நாள் லீவுக்கு லெட்டர் எழுதி மெனேஜரிடம் நீட்டுவார். மெனேஜர் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது தடவை, லீவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஃபயர்வோல் விஷயத்தில்தான் மனிதர் என் உயிரை வாங்கினார். ஃபயர்வோல் என்பது சேர்வர் வாசலில் நிற்கிற காவல்காரன். கையிலிருக்கும் பட்டியலில் உள்ளவர்களை உள்ளே விடுவான், மற்றவர்களை விரட்டுவான். உலகத்தில் எல்லோரும் அந்தப் பட்டியலில் நம்பரைத்தான் எழுதுவார்கள். அண்ணன் பெயர் எழுதினார். ஒவ்வொரு டப்பாவுக்கும் அதைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர். செல்லம்மா, மாரியாயி, புஷ்பம் என்று ஒன்பது பேர். எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்பதை நெட்வொர்க்கில் விசாரித்துத்தான் ஃபயர்வோல் தெரிந்துகொள்ள வேண்டும். நம்பரையே போட்டுவிட்டால் விசாரணை மிச்சமே அண்ணே என்று நான் சொன்ன போதெல்லாம், சாப்பாட்டுத் தட்டில் மண் அள்ளிப் போட்டவனைப் போல் என்னைப் பார்த்தார்.

இந்த சேர்வருக்கு ஒரு நோய் இருந்தது. பலத்த மழை வந்தால் பதுளையில் கரண்ட் போகும். கரண்ட் போனால் சேர்வர் விழும். பேட்டரி கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் மூன்றாவது மேசையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் சேர்வர் தானாக எழும்பும், ஆனால் ஒரு டப்பாவையும் உள்ளே விடாது. அண்ணன் வந்து தானாக ஓடும் அதே ஸ்கிரிப்ட்டை, அதாவது ஃபயர்வோலுக்குப் பட்டியலைக் கொடுக்கும் கட்டளைகளை, கையால் ஓட்டினால் ஒன்பது பேரும் வரிசையாக உள்ளே வந்துவிடுவார்கள். அதே ஸ்கிரிப்ட், ஒரு எழுத்து மாற்றமில்லை. தன் கை பட்டால்தான் அது வாசலைத் திறக்கும், தன்மேல் அதற்கு அவ்வளவு பாசம் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். படித்தவன் என்று பெயரெடுத்த நானும் பாதி நம்பினேன். ஆக, மழை நாளில் அவர் ஆபீசை விட்டு நகர்வதே இல்லை.

அண்ணனின் கடவாய்ப் பல்லுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. ஒருநாள் கன்னம் வீங்கி, தாங்க முடியாமல், வானம் வெளுத்திருந்த பகல் வேளையில் பல் டாக்டரிடம் போனார். அவர் போய் அரை மணி நேரத்தில் வானம் கறுத்தது. அப்புறம் மழை, அப்புறம் கரண்ட் போனது, அப்புறம் வந்தது. சேர்வர் எழும்பியது. ஒன்பது டப்பாவிலும் மழை பூச்சியம் என்று திரை காட்டியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கடையின் போர்டு தெரியவில்லை, அவ்வளவு மழை. மெனேஜர் எட்டிப் பார்த்தார், எல்லாம் பூச்சியமா, நல்லது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

போன் அடித்தது. மேட்டு லயத்து செல்லம்மா அக்கா.

"தம்பி, லயத்துக்குப் பின்னால மண்ணுக்குள்ள இருந்து கலங்கலா தண்ணி பீறிட்டு வருது. மெசேஜ் வராம சாவி தர மாட்டாங்களாம். பதினோரு வீட்டுச் சனம், கைப்புள்ளைகளோட மழையில நிக்கிறோம். நீங்க அனுப்பாம வேற யாரு அனுப்புவா?"

தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணினேன். கிளார்க் மிக மரியாதையாக, சிஸ்டத்தில் மழை இல்லையே என்றார். அவர் தலைக்கு மேல் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அதை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணனுடைய போன் அணைந்திருந்தது. ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஸ்வேர்ட் அவர் மண்டைக்குள் இருந்தது. என்னால் முடிந்தது சேர்வரின் பதிவேட்டைப் படிப்பது மட்டும்தான். படித்தேன். செல்லம்மா என்றொரு ஆளைத் தெரியாது என்று ஃபயர்வோல் எழுதியிருந்தது. மாரியாயியைத் தெரியாது. புஷ்பத்தைத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்த போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஃபயர்வோல் எழும்பிப் பட்டியலைப் படித்து அரை நிமிடம் கழித்துத்தான் நெட்வொர்க்கே எழும்பியிருக்கிறது. விசாரிக்க ஆளில்லாத நேரத்தில் விசாரித்து, யாரையும் தெரியாது என்று வாசலை இழுத்து மூடிவிட்டது. அண்ணன் கையால் ஓட்டும் போது நெட்வொர்க் ஏற்கனவே எழும்பியிருக்கும். பாசமாம் பாசம்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். அண்ணன் சொட்டச் சொட்ட நின்றார். வாய் நிறையப் பஞ்சு, ஒரு கன்னம் பேக்கரி பனிஸ் மாதிரி உப்பியிருந்தது. மழையைக் கண்டதும் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது அன்றைக்குத்தான். ஈர விரலால் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தார், மூன்றாவது தடவை சரியாக அடித்தார். பெயரைக் கூப்பிட வாயில்லை. திரையில் ஒவ்வொரு பெயரும் வர வர, தலையை மட்டும் ஆட்டினார். ஒன்பதாவதாக செல்லம்மா வந்தது. அந்த டப்பாவில் மழை குறித்த அளவை எப்போதோ தாண்டியிருந்தது. மெசேஜ் போனது.

கால் மணி நேரத்தில் செல்லம்மா அக்கா ஸ்கூலில் இருந்து பேசினார், சனமெல்லாம் உள்ளே வந்தாச்சு என்று. பின்னேரம் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிக் கோடி வீட்டுக் குசினியை அடுப்போடு மூடியது. அது செல்லம்மா அக்காவின் குசினி.

மறுநாள் நான் சண்டைக்குப் போனேன். நேற்றுச் சனம் மழையில் நின்றது உங்கள் பெயர்ப் பைத்தியத்தால்தான், இன்றைக்கே நம்பரைப் போடுங்கள் என்றேன். கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். அண்ணன் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"எங்கம்மாவ கொழுந்து நிறுக்கிற எடத்துல நூத்திப்பதினாலுன்னுதான் கூப்பிடுவாங்க தம்பி. முப்பது வருஷம். நானாவது ஒரு எடத்துல பேரச் சொல்லிக் கூப்பிடணும்னு நெனச்சேன். சனம் நனையும்னு நெனக்கல."

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், ஆமாம், அண்ணன் உட்கார்ந்தார். சேர்வருக்குள்ளேயே வேறொரு பட்டியல் உண்டு. பெயரையும் அதற்குரிய நம்பரையும் அதில் எழுதி வைத்துவிட்டால், நெட்வொர்க் எழும்பாவிட்டாலும் சேர்வருக்கு ஆளைத் தெரியும், வெளியே விசாரிக்க வேண்டியதில்லை. நம்பரை நான் வாசித்தேன், பெயரை அவர் எழுதினார். பிறகு வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மூன்று தடவை சோதித்தோம், லீவு லெட்டர் இல்லாமலே. மூன்று தடவையும் ஒன்பது பேரும் தானாக வந்தார்கள். இனி தான் தேவையில்லை என்று தெரிந்ததும் அண்ணனின் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன்.

போன வருஷம் கொழும்பில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. பிரியாவிடைக் கடிதத்தை எழுத உட்கார்ந்த போதுதான் எனக்கு உறைத்தது: ஐந்து வருஷம் பக்கத்து மேசையில் இருந்தும், மனிதருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, எழுத்துக்கூட்டிச் சொன்னார். கொழும்புக்குப் போன பிறகு ஒருநாள் பேசினார். புதுக் கம்பெனியில் கழுத்தில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறார்களாம், அதில் நம்பர் பெரிசாகவும் பெயர் பொடி எழுத்திலும் இருக்கிறதாம். போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேர்வருக்குள் இருக்கும் அந்தப் பட்டியலில் முதல் வரி சேர்வருக்கே சொந்தம், தன் பெயர் என்ன என்று அது பார்த்துக்கொள்ளும் இடம். அதில் ராமையா தனபால் என்று எழுதி வைத்திருக்கிறேன். காலை ஏழரைக்கு, கீழே கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி, முதலில் அந்தப் பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிடுகிறேன். பச்சை எழுத்து வந்ததும், "இருக்கேன்" என்று அவருக்காக நானே சொல்லிக்கொள்கிறேன்.